பூந்திக்கொட்டை நுரையும் பாறைக்குள் சிக்கிய எண்ணெயும்

கேள்வி, 4 பிப்ரவரி 2024

இறுதியாண்டு புராஜெக்டுக்கு எங்கள் குழு பூந்திக்கொட்டையை எடுத்திருக்கிறது. அதிலுள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருள் நல்ல சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு மாதிரி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே நின்று வேலை செய்கிற பொருள். சோப்பு நுரைக்காத ராமநாதபுரம் கிணற்றுத் தண்ணீரிலேயே அது நுரைக்கிறது, கடல் தண்ணீரிலும் நுரைக்கிறது. இதைத் தண்ணீரில் கலந்து கிணறு வழியாக உள்ளே செலுத்தினால் பாறையில் ஒட்டிக்கிடக்கும் கச்சா எண்ணெய் கழன்று வரும்தானே? ரசாயனம் கிடையாது, மன்னார் வளைகுடாவுக்கும் கெடுதல் இல்லை, ஓஎன்ஜிசி கிணறுகளும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அப்புறம் ஏன் யாரும் செய்யவில்லை?

5 பிப்ரவரி, இரவு

நுரைக்கும். எண்ணெய் வராது.

6 பிப்ரவரி

நேற்று ஒரு வரியில் முடித்ததற்குத் திட்டு விழுகிறது. சரி, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். எண்ணெய் வயல்களுக்கு ரசாயனம் விற்கிற ஒரு கம்பெனியின் லேபில் வருஷக்கணக்கில் கண்ணாடிக் குழாய் ஆட்டிய ஆள் நான். சொந்த ஊர் பெரியபட்டினம் பக்கம்.

கிணற்றைத் தோண்டினால் உள்ளிருக்கும் அழுத்தத்தில் முதலில் கொஞ்சம் எண்ணெய் தானாக வரும். அது ஓய்ந்த பிறகு பக்கத்துக் கிணற்றில் தண்ணீரைச் செலுத்தித் தள்ளுவார்கள். இரண்டும் சேர்ந்து, இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு வெளியே வந்தால் நல்ல வயல் என்று பேர். மீதி உள்ளேயே கிடக்கிறது. எண்ணெய்க் குளம் எதுவும் கீழே இல்லை, மணற்கல்லின் நுண்துளைகளில் துளித்துளியாகச் சிக்கிக்கொண்டு கிடக்கிறது. துளியைவிடத் துளையின் வாய் சின்னது. துளி நெளிந்து ஒடுங்கினால்தான் தாண்டும், அப்படி ஒடுங்கவிடாமல் பிடித்துவைப்பது எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவே இருக்கிற இடைமுக இழுவிசை.

அந்த இழுவிசை சாதாரணமாக மீட்டருக்கு 20 முதல் 30 மில்லிநியூட்டன் இருக்கும். துளி நகர வேண்டுமானால் 0.01, முடிந்தால் 0.001 வரை இறக்க வேண்டும். பாதியாக்கினாலும் பத்தில் ஒன்றாக்கினாலும் போதாது, ஆயிரக்கணக்கான மடங்கு குறைய வேண்டும். பூந்திக்கொட்டைச் சாறு பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே நின்றுவிடும், ரொம்ப நன்றாக வேலை செய்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் வரும். தலைமுடி எண்ணெயை எடுக்க அது தாராளம், பாறைக்குப் பத்தாது.

நுரை வேறு கதை. காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நடப்பது நுரை. நமக்கு வேண்டியதோ எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் நடுவில். ஒன்றில் கெட்டிக்காரனாக இருப்பது இன்னொன்றில் சும்மா நிற்கலாம். எங்கள் கம்பெனி விற்பனை ஆட்கள் வாடிக்கையாளர் முன்னால் பாட்டிலைக் குலுக்கி நுரை காட்டுவார்கள், எதிரே இருப்பவரும் தலையாட்டுவார். லேபில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம்.

6 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

“ரசாயனம் இல்லை” என்றால் என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு அர்த்தமும் இல்லை. சப்போனினும் ரசாயனம்தான்.

9 பிப்ரவரி

கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர் எழுதியிருக்கிறார்: “எங்க உம்மா காலத்துல கிணத்துத் தண்ணியில சோப்பு போட்டா தயிர் மாதிரி திரியும், சீயக்காய்தான் பிடிக்கும். அதை வெச்சுப் பார்த்தா அந்தத் தம்பி சொல்றதுல விஷயம் இருக்கே.”

இருக்கிறது காக்கா. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடினத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் அதைப் பிடித்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக்கிவிடும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதில் கால்சியம் 400 மில்லிகிராம், மக்னீசியம் 1300 மில்லிகிராம் சொச்சம். சாதா சோப்பு அதில் நிற்காது. பூந்திக்கொட்டை, சீயக்காய் சப்போனின்களில் சர்க்கரை மூலக்கூறுகள்தான் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிற முனை, அவற்றுக்கு மின்னூட்டம் இல்லை, கால்சியத்தோடு சண்டைக்குப் போகாது. உப்பான பாறைத் தண்ணீருக்கு இது உண்மையிலேயே பெரிய தகுதி. தம்பி கேள்வியில் உருப்படியான வரி அதுதான்.

தேங்காய் எண்ணெய்ச் சோப்பும் கடல் தண்ணீரில் ஓரளவு நுரைக்கும். அதன் கொழுப்பு மூலக்கூறிலுள்ள கார்பன் சங்கிலி குட்டை, உப்பிலும் கொஞ்சம் கரையும். கப்பலில் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

10 பிப்ரவரி

ஒருவர் “சீனாவில் முழுக்க மூலிகைச் சோப்புதான் விடுகிறார்கள், இந்தியாவில் மறைக்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறார். எங்கே கிடைக்கிறதோ இதெல்லாம்! சீனாவின் டாச்சிங் வயலில் பெரிய அளவில் விட்டது காரம், சர்ஃபாக்டன்ட், தண்ணீரைக் கெட்டியாக்குகிற பாலிமர் மூன்றும் சேர்ந்த கலவை. அதிலுள்ள சர்ஃபாக்டன்ட் அல்கைல் பென்சீன் சல்போனேட் வகை, பெட்ரோலியத்திலிருந்து வருவது. நம் நாட்டிலும் குஜராத்தில் விராஜ் வயலில் 2002-இல் இதே மூன்றும் சேர்ந்த கலவையை வைத்து முன்னோட்டச் சோதனை நடந்தது. ராஜஸ்தானில் மங்களா வயலில் பாலிமரைப் பெரிய அளவில் செலுத்துகிறார்கள். எல்லாம் வெளிப்படையாக எழுதப்பட்ட விஷயம், யாரும் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

காரம் எதற்கு என்றால், சில கச்சா எண்ணெய்களில் இயற்கையாகவே கரிம அமிலங்கள் உண்டு. சோடா விட்டால் அந்த அமிலமும் சோடாவும் சேர்ந்து பாறைக்குள்ளேயே சோப்பு உண்டாகிவிடும். வண்ணார்கள் வெள்ளாவியில் உவர்மண் போட்டு அவித்தது இதே காரத்துக்காகத்தான். ஆனால் நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோடாவைக் கொட்டினால் கால்சியம், மக்னீசியம் எல்லாம் சுண்ணாம்பாகப் படிந்து பம்பையும் குழாயையும் அடைத்துவிடும். முதலில் தண்ணீரை மென்மையாக்க வேண்டும், அதற்கே ஒரு ஆலை வேண்டும்.

14 பிப்ரவரி

கேள்வி கேட்ட தம்பி போட்டோ போட்டிருக்கிறார். பாட்டிலில் படகு டீசலும் கடல் தண்ணீரும் பூந்திக்கொட்டைச் சாறும். குலுக்கினார், பால் மாதிரி ஆனது, மறுநாள் காலையிலும் பிரியவில்லை. “பாருங்கள், எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகிவிட்டன!”

தம்பி, எண்ணெய் வயலில் இதற்குப் பேர் தலைவலி. மேலே வந்த எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரித்த பிறகுதான் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப முடியும். பிரியாத பாலைப் பிரிக்க இன்னொரு ரசாயனம் வாங்க வேண்டும், நான் பாதி ஆயுசு அதைத்தான் விற்றேன்.

லேபில் எப்படிப் பார்ப்போம் என்றால், ஒரே அளவுக் கண்ணாடிக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, பாதி எண்ணெய், பாதி சர்ஃபாக்டன்ட் தண்ணீர் ஊற்றி, குழாய்க்குக் குழாய் உப்பைக் கூட்டிக்கொண்டே போவோம். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, கிணற்றின் சூட்டில் அடுப்பில் வைத்துவிட வேண்டும். குலுக்கக் கூடாது. சில நாள் கழித்துப் பார்த்தால் உப்புக் குறைந்த பக்கத்துக் குழாய்களில் அடியிலுள்ள தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருக்கும், எண்ணெயைக் கொஞ்சம் தனக்குள் இழுத்துக்கொண்டது என்று அர்த்தம். உப்பு அதிகமான பக்கத்தில் மேலே இருக்கிற எண்ணெய் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பியிருக்கும். நடுவில், அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு குழாயிலோ இரண்டிலோ மூன்றாவதாக ஒரு அடுக்கு நிற்கும். அந்தக் குழாயைச் சாய்த்தால் அடுக்குகளுக்கு நடுவே வழக்கமாகத் தெரிகிற கூர்மையான கோடு இருக்காது, நெளிந்து சோம்பேறித்தனமாக வழியும். அங்கேதான் இழுவிசை அடிமட்டத்தில் இருக்கிறது. அந்த நடு அடுக்கைப் பார்த்துவிட்டால் லேபில் அன்றைக்கு டீ நம் செலவு.

வெறும் பூந்திக்கொட்டைச் சாற்றில் அந்த அடுக்கை நான் பார்த்ததில்லை. குலுக்கிய பால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

15 பிப்ரவரி

தாவரம் என்றால் கொட்டையை ஊறவைப்பது மட்டும்தானா? இல்லை. காட்டாமணக்கு, ஆமணக்கு, எண்ணெய்ப்பனை எண்ணெய்களை எடுத்து, எஸ்டராக்கி, சல்போனேட் ஆக்குகிறார்கள். அதுவும் தாவர வழி சர்ஃபாக்டன்ட்தான், ஆனால் ஆலையில் செய்தது. வேண்டிய நீளத்துக்குச் சங்கிலியைத் தேர்ந்துகொள்ளலாம், தரம் ஒரே மாதிரி வரும். ஆய்வுக்கூடத்தில் கொஞ்சம் நம்பிக்கை தருவது இந்த வழிதான் என்பது என் எண்ணம். நம் குளியலறை ஷாம்பூவில் நுரைப்பதும் பெரும்பாலும் தேங்காயிலிருந்தோ எண்ணெய்ப்பனை விதையிலிருந்தோ வந்த சங்கிலிதான்.

காட்டாமணக்கு என்றதும் ஒரு பெரியவர் பழைய கதையை எடுத்துவிட்டார். தரிசு நிலமெல்லாம் டீசல் காய்க்கும் என்று சொல்லி நடச்சொன்ன காலம். காய்ப்பு எதிர்பார்த்தபடி வரவில்லை, கன்று விற்றவர்கள் பிழைத்தார்கள். அதைப் பற்றித் தனியாகவே பேசலாம், இங்கே வேண்டாம்.

19 பிப்ரவரி

கணக்குப் போடாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒரு ஹெக்டேர், அதாவது 100 மீட்டருக்கு 100 மீட்டர். எண்ணெய் இருக்கிற மணற்கல் 5 மீட்டர் கனம் என்று வையுங்கள், துளைகள் 20 சதவீதம். துளைகளின் மொத்தக் கொள்ளளவு 10,000 கன மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக 3,000 கன மீட்டர் கரைசல், ஒரு சதவீதம் சப்போனின் கலந்து செலுத்துகிறோம். 30 டன் சப்போனின் வேண்டும். காய்ந்த தோலில் பத்தில் ஒரு பங்கு சப்போனின் தேறினால் 300 டன் தோல். பத்து டன் லாரியில் 30 லோடு. ஒரு ஹெக்டேருக்கு!

அதோடு முடியவில்லை. மீதி 80 சதவீதம் பாறை, 40,000 கன மீட்டர், எடை ஒரு லட்சத்து ஆறாயிரம் டன். பாறைத் துகள் ஒவ்வொன்றும் சர்ஃபாக்டன்டைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். ஒரு கிராம் பாறை வெறும் 0.3 மில்லிகிராம் பிடித்தாலே 32 டன் போச்சு. 30 டன் செலுத்தினோம், 32 டன் குடிக்கத் தயாராகப் பாறை காத்திருக்கிறது. எண்ணெயைத் தொட ஒன்றும் மிஞ்சாது. ஒரு கிராமுக்கு ஒரு மில்லிகிராம் என்றால் நூறு டன்னுக்கு மேல். சப்போனின் பெரிய மூலக்கூறு, சர்க்கரை முனைகளோடு களிமண் மேல் ஒட்டுவது அதற்குப் பிடித்த வேலை.

இதைப் படித்த ஒருவர் “அப்போ பூந்தி மரம் நட்டா விவசாயிக்கு லாபம்” என்கிறார். ஐயா, காட்டாமணக்குப் பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

20 பிப்ரவரி

சூட்டை விட்டுவிட்டேன். நூறு மீட்டர் இறங்க இறங்க சுமார் மூன்று டிகிரி ஏறும் என்பது பொதுக் கணக்கு. இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் 90 டிகிரிப் பக்கம். செலுத்திய கரைசல் ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்கு நகர மாதக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் அந்தச் சூட்டில் சர்க்கரை முனை கழன்றுவிடாமல் இருக்க வேண்டும். சூடு குறைந்த இடமென்றால் பாக்டீரியா தின்னும். எளிதில் மக்கும் என்று வெளியில் பெருமை பேசுகிறோமே, கீழே அதுவே குறை.

24 பிப்ரவரி

கடலுக்குக் கெடுதல் இல்லை என்ற வரிக்கு வருகிறேன். இதற்கு இறால் பண்ணைக்காரர்கள் யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தேன், தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் சொல்லிவிட்டார்: “குட்டையில குஞ்சு விடறதுக்கு முன்னாடி வேண்டாத மீனைக் கொல்ல நாங்க போடறதே இலுப்பைப் பிண்ணாக்குதான் அண்ணே.”

அதேதான். இலுப்பைப் பிண்ணாக்கில் இருப்பதும் சப்போனின். தேயிலை விதைப் பிண்ணாக்கிலும் அதுதான். மீனின் செவுளைப் பாதித்து, இரத்தச் சிவப்பணுவை உடைத்துவிடும். இறால் அதைத் தாங்கும், மீன் தாங்காது, அதனால்தான் பண்ணையில் பயன்படுகிறது. சில நாளில் சிதைந்துவிடும் என்பது சரி, ஆனால் அந்தச் சில நாளில் தண்ணீரில் இருந்த மீன் திரும்ப வராது. 21 தீவுகளைச் சுற்றி 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவித்திருக்கிற இடத்தில், மரத்தில் காய்த்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் டன் கணக்கில் கொட்டிவிட முடியாது. எண்ணெய்க் கசிவுக்குப் பூந்திக்கொட்டை தெளிக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கும் இதே பதில். கசிந்த எண்ணெயைச் சர்ஃபாக்டன்ட் கரைத்து மறைக்காது, பொடித்துளியாக்கித் தண்ணீருக்குள் இறக்கும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் அது எங்கே போகும்? கடல்புல் மேலேயே போய் உட்காரும்.

25 பிப்ரவரி

ராமேஸ்வரத்திலிருந்து கடல்பாசியைப் பற்றிக் கேள்வி. பாசியில் கிடைப்பது சர்ஃபாக்டன்ட் இல்லை, கெட்டிப்படுத்துகிற பொருள். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் வளர்க்கிற கப்பாப்பாசியில் காராஜீனன், சர்காசம் வகையில் ஆல்ஜினேட். தண்ணீரைக் கெட்டியாக்கினால் அது எண்ணெயை முந்திக்கொண்டு ஓடாமல் சீராகத் தள்ளும், பாலிமரின் வேலை அது. ஆனால் ஆல்ஜினேட் கால்சியத்தைக் கண்டால் ஜெல்லியாக உறைந்துவிடும், கப்பா காராஜீனனுக்குப் பொட்டாசியம் போதும். உப்புத் தண்ணீரில் செலுத்தினால் கிணற்று வாயிலேயே உறையும். தண்ணீர் ஒழுகுகிற வெடிப்பை அடைக்க வேண்டுமானால் அந்தக் குணத்தைப் பயன்படுத்தலாம். பாசி எடுக்கிற பெண்களுக்கு இதனால் விலை கூடுமா என்றால், ஐஸ்கிரீம்காரன் கொடுக்கிற விலையை எண்ணெய்க்காரன் கொடுக்க மாட்டான்.

2 மார்ச்

நாலைந்து நாளாக ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. “நம் மாவட்டத்துக் கிணறுகள்” என்று தம்பி எழுதியதை நாம் யாருமே நின்று பார்க்கவில்லை. எண்ணெய் என்று பேசினால் நாகை, திருவாரூர்ப் பக்கம், நரிமணம், கமலாபுரம். நம் பக்கம் வாலாந்தரவை, பெரியபட்டினம், பெருங்குளம், காஞ்சிரங்குடி எல்லாம் முக்கியமாக எரிவாயு. வழுதூர் மின் நிலையம் ஓடுவதே அதில்தான். இல்லாத கச்சா எண்ணெயை எப்படி எடுப்பது என்று ஒரு மாதம் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

எரிவாயுக் கிணறு என்றதும் கேள்வியே தலைகீழாகிறது. வாயுக் கிணறு வயதாக ஆக அழுத்தம் குறையும், வாயுவின் வேகம் குறையும், கூடவே வருகிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தண்ணீர் அடியில் தேங்கும். 10 மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம், 300 மீட்டர் தேங்கினால் 30. கீழே வாயு இருந்தும் அந்தத் தண்ணீர்க் கம்பம் மூடிபோல் உட்கார்ந்துவிடும், கிணறு செத்துவிட்டது என்பார்கள்.

அதற்கு உலகமெங்கும் செய்கிற மலிவான வைத்தியம் சோப்புக் குச்சி. மெழுகுவர்த்தி உருவத்தில், காகிதம் சுற்றி வரும். கிணற்றுத் தலையில் மேல் வால்வுக்கும் கீழ் வால்வுக்கும் நடுவே குச்சியை வைத்து, மேலே மூடி, கீழே திறந்தால் குழாய்க்குள் விழும். சில மணி நேரம் கிணற்றை மூடி வைப்பார்கள். திறந்ததும் முதலில் வெறும் வாயு, அப்புறம் குழாய் இருமும், பிறகு வெள்ளையாக நுரை பீய்ச்சும். தண்ணீர் நுரையாகிவிட்டால் கனம் குறைந்துவிடும், பலவீனமான வாயுவாலும் தூக்க முடியும். நான் இருந்த இடத்தில் இதைச் செய்கிற நாளில் எல்லோரும் காற்று வருகிற பக்கம் போய் நிற்பார்கள், தெரியாமல் நிற்கிற புது ஆள் நனைவார்.

இங்கே வேண்டியது காற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே நடக்கிற வேலை. இழுவிசை 0.001-க்கு இறங்க வேண்டாம். பாறைக்குள் போகவே வேண்டாம், ஆகவே பாறை குடிக்கிற கணக்கும் இல்லை. மாதக்கணக்கில் சூட்டைத் தாங்க வேண்டாம், சில மணி நேரம் போதும். டன் கணக்கு கிலோ கணக்காகிறது. உப்பில் நுரைக்க வேண்டும், அவ்வளவுதான். பூந்திக்கொட்டைக்கு என்ன தெரியுமோ அதையே கேட்கிற வேலை. 5-ஆம் தேதி நான் எழுதிய வரி எண்ணெய்க்கு இப்போதும் நிற்கும், ஆனால் தம்பி பிடித்த கொட்டை சரி, கிணறுதான் மாறவேண்டும்.

3 மார்ச்

உடனே துள்ள வேண்டாம். வாயுவோடு லேசான எண்ணெயும் வருகிற கிணறுகள் உண்டு, அது நுரையைக் கொன்றுவிடும். நுரை அடங்காமல் பிரிப்புத் தொட்டிக்குப் போனால் அங்கிருந்து கம்ப்ரஸர் வரை தண்ணீர் போய்க் கெடுக்கும், அதனால் மேலே சிலிகோன் வகை நுரைக்கொல்லி விடுவார்கள். சப்போனின் நுரை பிடிவாதமானது, அடக்குவது கஷ்டமாகவும் இருக்கலாம். சாறு நாலு நாளில் புளித்து நாறும், தூளாக்கி வைக்க வேண்டும். வெளியே வந்த நுரைத் தண்ணீரை ஓடையில் விடக் கூடாது, மீன் கதை மேலே இருக்கிறது.

“இதெல்லாம் சொல்லி மறுபடி கிணறு தோண்ட வழி பண்ணுகிறாயா?” என்று கோபமாக ஒருவர். கோபம் புரிகிறது. புது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிற, 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவுக்கு, நம் மாவட்டம் அதில் இல்லை, அதனால் பயம் இருக்கத்தான் செய்யும். நான் பேசுவது ஏற்கெனவே தோண்டிக் கிடக்கிற கிணற்றைப் பற்றி. புதுக் கிணறு வேண்டுமா என்பதை ஊர் பேசட்டும், அதில் எனக்கும் ஒரு குரல் உண்டு, அதை இங்கே சொல்லப்போவதில்லை.

11 மார்ச்

தம்பிகள் தலைப்பை மாற்றிக்கொண்டார்களாம், வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு வாரம் முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம். சோதனைக்கு லட்ச ரூபாய்க் கருவி கேட்காதீர்கள். உயரமான அளவுக் குடுவை, அடியில் மீன் தொட்டிக்குப் போடுகிற காற்றுக் கல், சின்ன மோட்டார் போதும். தெரிந்த அளவு உப்புத் தண்ணீரில் தூளைக் கரைத்து ஊற்றி, காற்றை விட்டு, குடுவை வாயில் வழிகிற நுரையை இன்னொரு பாத்திரத்தில் பிடியுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை மில்லி தண்ணீர் வெளியே வந்தது என்பதுதான் உங்கள் முடிவு, நுரையின் உயரம் இல்லை. அடுத்ததாக அதே சோதனையை 5 சதவீதம், 10 சதவீதம் மண்ணெண்ணெய் சேர்த்துச் செய்யுங்கள், பாதி உற்சாகம் அங்கேயே போகும். பிறகு தண்ணீரைச் சூடாக்கி ஒருமுறை. பக்கத்தில் ஷாம்பூவில் போடுகிற சோடியம் லாரில் ஈதர் சல்பேட்டை வைத்து ஒப்பிடாமல் அறிக்கை எழுதாதீர்கள், விலையும் சேர்த்து. அதுதான் உங்கள் எதிராளி, ரொம்ப மலிவான எதிராளி.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது விதை எடுத்த தோலாகக் கேளுங்கள், முழுக்காயில் பாதி எடை விதைக்கே போய்விடும்.